பென்டியம் ஜி3220-க்கு எந்த மார்ச் போடுறது?

வெள்ளவத்தையில என்ட ரூமில ஓடுறது பம்பலப்பிட்டியில செக்கண்ட் ஹாண்டா வாங்கின டெஸ்க்டொப், பென்டியம் ஜி3220, இன்டெல்ட 2013 ஹாஸ்வெல் ஜெனரேஷன் சிபியூ. படம் ரீசைஸ் பண்ற சி++ ப்ரோக்ராம் ஒண்டை ஃப்ரெண்ட் ஒருத்தன் தன்ட ஐ7 லப்டொப்பில கொம்பைல் பண்ணி பென்ட்ரைவில தந்தவன், இங்க ஓடவிட்ட உடன இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்டு விழுந்திட்டுது, சிபியூவுக்குத் தெரியாத கட்டளை வந்தா அப்பிடித்தான்.

ஜிசிசி கொம்பைலருக்கு அவன் போட்டது மார்ச்=ஹாஸ்வெல், எந்த சிபியூவுக்குக் கோட் போடுறது எண்டு சொல்ற ஒப்ஷன் அது. உன்டதும் ஹாஸ்வெல் தானேடா எண்டு சண்டைக்கு வாறான். சரிதான், ஆனா அந்த ஜெனரேஷன் பென்டியம், செலரோன்ல ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ எண்ட வேகக் கணக்குக் கட்டளைகள் ஒண்டும் இல்ல. ஜிசிசி ஹாஸ்வெல் எண்டு கேட்டா அதெல்லாம் இருக்கு எண்டு நம்பித்தான் கோட் போடும். லினக்ஸில சிபியூ விபரம் காட்டுற ப்ரொக் சிபியூஇன்ஃபோவில ஃப்ளாக்ஸ் வரியைப் பாத்தன், எஸ்எஸ்இ4.2, பொப்கவுன்ட் எண்ட பழைய கட்டளைகள் இருக்கு, ஏவிஎக்ஸ் எண்ட சொல்லே இல்ல.

எல்லாரும் சொல்ற மாதிரி மார்ச்=நேட்டிவ் போட்டா முடிஞ்சுது, அது சிபியூட்டயே கேட்டு எடுக்கும், ஆனா அது கொம்பைல் பண்ற மெஷினுக்குத்தான், ஓடப்போற மெஷினுக்கில்ல, என்ட டெஸ்க்டொப்பில கொம்பைல் போட்டா டீ குடிச்சு, குளிச்சு, சாப்பிட்டு வந்தாலும் முடியாது, அதால அவன்ட லப்டொப்பிலதான் பில்ட் பண்ணவேணும்.

கடைசியா போட்டது மார்ச்=எக்ஸ்86-64-வி2 (எஸ்எஸ்இ4.2 வரைக்கும், ஏவிஎக்ஸ் கேக்காத மட்டம்), எம்டியூன்=ஹாஸ்வெல், வேகத்துக்கு வழமையான ஓ2. இந்த வி2, வி3 பேரெல்லாம் ஜிசிசி 11-ல இருந்துதான் எடுபடும், பழசு வச்சிருக்கிறவை மார்ச்=நெஹேலெம் போடுங்கோ, இந்த சிபியூவுக்கு அதுவும் ஓடும். எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் பாவிக்கலாம் எண்டு முடிவு பண்றது மார்ச், எம்டியூன் இருக்கிறதை எப்பிடி அடுக்கினா வேகம் எண்டு மட்டும்தான் பாக்கும், அதால எம்டியூன்ல ஹாஸ்வெல் எண்டு போட்டா ஒரு ப்ரோக்ராமும் விழாது. வி3 போட்டா திரும்ப ஏவிஎக்ஸ்2 கேக்கும், இங்க சரிவராது.

ஓஃபாஸ்ட் போடச் சொல்லியும் அவன் நிண்டவன். அது ஃபாஸ்ட் மேத்தையும் சேத்துப் போட்டு ஃப்ளோட்டிங் பொயின்ட் கணக்கில விதியைத் தளத்தும், என்னட்ட அந்த விளையாட்டு வேண்டாம் எண்டிட்டன்.

பென்ட்ரைவில ஏத்த முதல் கொம்பைல் பண்ணின ஃபைலுக்குள்ள இருக்கிற கட்டளைகளைக் காட்டுற ஒப்ஜ்டம்ப் அடிச்சு ஒய்எம்எம் எண்டு தேடினன், ஏவிஎக்ஸ்ட அகலமான ரெஜிஸ்டர் அதுதான், ஒரு வரியும் வரேல. இப்ப ரூமில ஓடுது. அவன் தனக்கு வி3-ல வேற பில்ட் வச்சிருக்கிறான்.