பத்தரை மணிக் கையெழுத்து

"ஸ்டேஷன் எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி மேடம். கையெழுத்துப் போட அவரு தினமும் எங்க தெரு வழியாத்தானே வருவாரு?" என்று அந்தப் பெண் நீதிமன்றத் தாழ்வாரத்தில் கேட்டபோது, "அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவருடைய கணவருக்கு ஜாமீன் வாங்கிய வழக்கறிஞர் நான்.

எதிர்த்தரப்பினரிடம் வழக்கைப் பற்றி நேரடியாகப் பேசக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியை நினைத்துப் பல முறை என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால், அந்த விதி வழக்கறிஞர் வைத்துக்கொண்டவர்களுக்கானது. அவருக்கென்று வழக்கறிஞர் யாரும் இல்லை.

மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ பிரிவின் கீழ் வழக்கு; இன்றானால் பாரதிய நியாய சன்ஹிதா 85ஆவது பிரிவு. அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுகள் என்பதால், தேவையின்றிக் கைது செய்யக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பைக் காட்டி வாதாடினேன். அந்த வாதத்தை இன்றும் முழுமையாக நம்புகிறேன். இரு நபர் ஜாமீன், தினமும் காலை 10.30 மணிக்கு விசாரணை அதிகாரி முன் கையெழுத்து என்று உத்தரவானது. திருட்டு வழக்கில் இந்த நிபந்தனை யாரையும் உறுத்தாது. குடும்ப வன்முறையில் குற்றம் நடந்த இடமே வீடு; அந்த வீடு இருக்கும் பகுதிக்கே கணவரை நாள்தோறும் வரவழைக்கிறோம் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் தங்கப்போவதும் தெரியும். அங்கேயே கையெழுத்திட அனுமதி கேட்டிருக்கலாம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. புதிதாக எதையாவது கிளப்பி, மனு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால் அவர் மேலும் மூன்று இரவுகள் புழல் சிறையில் இருக்க நேரும் என்று அஞ்சினேன். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அடுத்த வாரமே நிபந்தனையை மாற்றக் கோரி மனு போட்டிருக்கலாமே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2021இல் அபர்ணா பட் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் தொடர்புகொள்ள இடம் தரும் ஜாமீன் நிபந்தனைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காவல் நிலையக் கையெழுத்தைத் தொடர்பு என்று யாரும் கருதுவதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அந்தப் பெண் பாதுகாப்பு உத்தரவும் உறைவிட உத்தரவும் கோரியிருக்கலாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் பாராமல் இலவச சட்ட உதவியும் பெற்றிருக்கலாம். சட்ட உதவி மையம் அதே வளாகத்தில்தான் இருந்தது. கை நீட்டிக் காட்டியிருந்தால் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது.

ஒரு மாதம் கழித்து நிபந்தனைத் தளர்வு மனுவுக்காக வந்த கட்சிக்காரர், "ஒரு நாள்கூட அவளைப் பார்க்கலை மேடம், கதவு எப்பவும் சாத்தியே இருக்கு" என்றார். தன் நன்னடத்தைக்குச் சான்றாகவே அதைச் சொன்னார். நிபந்தனையைத் தவறாமல் கடைப்பிடித்தார், புகார் எதுவும் இல்லை என்று மனுவில் எழுதினேன். இரண்டும் உண்மை.

இப்போதெல்லாம் இத்தகைய வழக்குகளில் கட்சிக்காரர் தங்கும் பகுதிக் காவல் நிலையத்தையே கேட்கிறேன். பயணச் செலவு மிச்சம் என்று அவர்கள் நன்றி சொல்லும்போது, யாருக்காகக் கேட்டேன் என்று எனக்கே தெளிவாகத் தெரிவதில்லை. சென்ற மாதம் இன்னொரு பெண் தாழ்வாரத்தில் தயங்கி நின்றார். சட்ட உதவி மையத்துக்கு வழி காட்டினேன். அன்று மாலை அலுவலகத்துக்கு வந்த என் கட்சிக்காரரிடம் அதைச் சொல்லவில்லை.