மலையில் கோழி வளர்ப்பு: டிசம்பரில் குஞ்சு எடுத்ததில் பட்டது

40 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு எடுத்து, எட்டாவது வாரம் எண்ணும்போது மிஞ்சியது 23. கூடவே ஆசைக்கு எடுத்த 10 பிராய்லரில் ஒன்றுகூடத் தேறவில்லை. கொடைக்கானல் பக்கம் வீட்டோடு கோழி ஆரம்பிக்க நினைப்பவர்கள் இதே நஷ்டத்தைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நமக்குக் கிடைக்கிற கணக்கெல்லாம் நாமக்கல், பல்லடம் வெயிலுக்குப் போட்டவை. 2,100 மீட்டர் உயரத்தில் அவற்றில் பாதி பொருந்தாது.

கூண்டு, தண்ணீர் டப்பா, தீவனத் தட்டு எல்லாம் வத்தலக்குண்டிலேயே கிடைத்துவிடும், அதில் சிரமம் இல்லை. சிரமம் குஞ்சு மலையேறும்போதே தொடங்கிவிடுகிறது. பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு நாள் பசி தாங்கும். ஆனால் ஈரக்காற்றை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பெட்டியைப் பேருந்தின் சன்னலோரம் வைக்காதீர்கள். குளிருக்குப் பயந்து சாக்கால் முழுக்கச் சுற்றினாலும் மூச்சுமுட்டிச் சாகும். மேலேயும் காற்று வரும் பக்கமும் மட்டும் மூடி, மற்ற ஓட்டைகளைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர். ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை நனைத்து விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உடைத்த மக்காச்சோளம்.

அதிகச் சாவு விழுந்தது முதல் வாரத்தில். குஞ்சுக்கு ஒரு வாட் வீதம் பல்பு என்பது சமவெளிக் கணக்கு. இங்கே டிசம்பர், ஜனவரியில் இரண்டு, மூன்று வாட் வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். எல்.இ.டி.யில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, குஞ்சுக்குச் சொல்வதற்கு முன்பே வாங்கி வையுங்கள். 100 வாட் ஒன்றைவிட 60 வாட் இரண்டு மேல். நடுராத்திரி ஒன்று பியூஸ் போனாலும் மற்றது எரியும்.

பல்பைப் பற்றியே யோசித்ததில் தரை மறந்துபோனது. சிமெண்டுத் தரை கீழிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே 35 டிகிரி, காலடியில் ஐஸ். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து, இறக்கை தொங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். தரையில் முதலில் தெர்மோகோல் அட்டை, அதன்மேல் சாக்கு, அதற்குமேல் மூன்று அங்குலக் கூளம் (உமி அல்லது இழைப்புச் சீவல்). குஞ்சு வருவதற்கு 12 மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுக் கூளத்தைச் சூடாக்குங்கள். முதல் இரண்டு நாள் கூளத்தின் மேல் செய்தித்தாள் விரிக்கச் சொல்வார்கள். அது வழுக்கிக் கால் விரிந்துவிடும், சாக்குத் துணியே நல்லது. மின்சாரம் போனால் கரி அடுப்பு வைக்கிறார்கள். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், ஆளையும் கொல்லும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

குளிர் என்று கூண்டைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியது அடுத்த தப்பு. மூச்சு ஈரமும் எச்ச ஈரமும் உள்ளேயே தங்கி, உள்ளே குனிந்தால் நம் கண்ணே எரியும். அந்த எரிச்சல் அம்மோனியா. அதிலிருந்து சளி, ஈரக் கூளத்திலிருந்து இரத்தக் கழிச்சல். தார்ப்பாயைக் கீழிருந்து மேலாகக் கட்டி, கூரைக்கடியில் ஒரு சாண் திறந்தே விடுங்கள். கூளத்தைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், விட்டதும் உதிர்ந்தால் சரி. கூளத்துக்கு உமி சமவெளியிலிருந்துதான் வரவேண்டும். மரத்தூளை வாங்காதீர்கள், குஞ்சு அதைத் தின்று இரைப்பை அடைக்கும். தச்சுப் பட்டறையில் இழைப்புச் சீவல் கேளுங்கள். மூடுபனி நாளில் அதை வெளியே காயவைப்பது வீண் வேலை.

இரத்தக் கழிச்சல் வந்தது நாலாவது வாரம். அதற்கான மருந்து ஆம்ப்ரோலியம் கேட்டபோது, மருந்துக் கடையில் தெம்புக்கு என்று பி-காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. வைட்டமின் பி1-ஐப் பயன்படுத்த விடாமல் செய்துதான் ஆம்ப்ரோலியம் அந்தக் கிருமியை அழிக்கிறது. பி1-ஐ நாமே ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. மூன்று நாள் அப்படிப் போய், இரண்டு குஞ்சும் போனது. ஆம்ப்ரோலியம் முடிந்த பிறகுதான் வைட்டமின்.

பிராய்லர் விஷயம் வேறு. "அண்ணே, 45 நாள்ல காசு" என்று தள்ளிவிட்டார்கள். இந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. பிராய்லர் வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்காது, குளிரில் உடம்புச் சூட்டுக்கு இன்னும் ஆக்சிஜன் தேவை. கொண்டை நீலம் பாரித்து, வயிறு பலூன் போல் உப்பி, உள்ளே நீர் கோக்கும். வந்தபின் மருந்து கிடையாது. மெதுவாக வளரும் நாட்டுக்கோழிக்கு இது அரிது. மலையில் பிராய்லர் வேண்டவே வேண்டாம்.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து. கால்நடை மருந்தகத்துக்குக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனால், "50 கோழியாவது சேர்த்துட்டு வாங்க சார், குப்பியைத் திறந்தா மிச்சம் வீணாகும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று கூடையில் குளிரில் போய்த் திரும்பியதில் மூன்று குஞ்சு போனது. அவர்கள் சொன்ன காரணம் உண்மைதான்: ஒரு குப்பி 100 கோழிக்கு, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் முதலில் போன் செய்து கேட்டிருந்தால் அந்த நடை மிச்சம். மருந்தைக் கீழே வாங்கினால் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். சட்டைப் பையில் வந்த தடுப்பு மருந்து வெறும் தண்ணீர். கண்ணில் ஒரு சொட்டு விட்டு, குஞ்சு கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருங்கள். இரண்டாம் முறை குடிநீரில் கலப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது, ஊற்றுத் தண்ணீர் எடுங்கள். எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி.

கீரிக்கும் மரநாய்க்கும் அறுகோணக் கோழிவலை ஒரு தடையே இல்லை. அரை அங்குல வெல்டு மெஷ் போட்டு, ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். காட்டுமாடு உரசினால் மூங்கில் கம்பம் சாய்ந்துவிடும், இரும்புக் குழாயே வையுங்கள். காட்டுக்கோழி முட்டையை எடுத்து வந்து அடைவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1972 வனஉயிரினச் சட்டத்தில் அது குற்றம், செய்யாதீர்கள்.

அடுத்த குஞ்சு பிப்ரவரி கடைசியில். அப்போது எடுத்தால் பனிக்காலம் முடிந்திருக்கும், அக்டோபர் மழைக்குள் இறகு முழுதாக மூடி, பெட்டை முட்டைக்கும் வந்துவிடும். இந்த முறை குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பக்கத்து நான்கு வீடுகளில் கேட்டு எழுதிவைத்தாயிற்று: மொத்தம் 70 கோழி. குப்பியைத் திறக்க அது போதும் என்று மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள்.