மல்லாட்டைக் கொல்லையில் தானாக முளைக்கும் கீரை

ஆவணியில் ரெண்டு நல்ல மழை விழுந்தால் போதும், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளில் யாரும் விதைக்காத கீரை எழும்பிவிடும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, குப்பைக்கீரை. கொல்லைக்காரருக்கு அது களை. எங்கள் பெரியம்மாவுக்கு அன்றைய கடைசல். களை எடுக்கப் போனால் மடி நிறையக் கீரையோடுதான் வீடு திரும்புவார். நான் கீரை கற்றது அவர் பின்னால் நடந்துதான்.

இப்போது யூட்யூப் பார்த்துவிட்டு நிறைய பேர் பறிக்கக் கிளம்புகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் இலையைத்தான் கேட்கிறார்கள். பெரியம்மா முதலில் கேட்பது மண்ணைப் பற்றி. "இதுல மருந்து அடிச்சீங்களா?" என்று கொல்லைக்காரரிடம் கேட்காமல் குனியவே மாட்டார். களைக்கொல்லி தெளித்த நிலம் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை.

நம் வட ஆற்காட்டுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பொருந்தும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் சுற்றியுள்ள நிலத்தையும் கெடுத்ததை உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பாக எழுதியது. தோல் பதனிடும் குரோமியம் மண்ணில் தங்கிவிடும். மண்ணில் உள்ள உலோகங்களைக் கீரைவகைகள் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். இலைக்குள் போனதை எத்தனை முறை அலசினாலும் எடுக்க முடியாது. அதனால் கழிவுக் கால்வாய் ஓரம், நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேடு இங்கெல்லாம் எவ்வளவு தளதளவென்று நின்றாலும் நான் தொடுவதில்லை.

அப்புறம்தான் இலை. ஒரு பருவத்துக்கு ஒரு கீரை கற்றால் போதும். குருத்து, பூ, விதை மூன்றையும் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். குப்பைக்கீரை முளைக்கும் இடத்திலேயே ஊமத்தையும் முளைக்கும். இலையைக் கசக்கினால் ஊமத்தையில் ஒரு கெட்ட வாடை அடிக்கும். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. மலைப்பக்கம் போகிறவர்கள் ஒடுவந்தழை மரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பில் பொட்டாசியத்தை இறக்கி இதயத்தையே நிறுத்திவிடும் இலை அது. தனி மாற்று மருந்தும் கிடையாது. ஆடு தின்கிறதே என்று நம்பி எதையும் வாயில் வைக்க வேண்டாம். ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

சரி, சமையலுக்கு வருவோம். பண்ணைக்கீரையைப் பூ விடுவதற்கு முன் கிள்ள வேண்டும். நான்கைந்து வகையையும் கலந்து, துவரம்பருப்பு, பூண்டு, பச்சைமிளகாய், ஒரு சுளை புளியோடு மண்சட்டியில் வேகவைத்து, மத்தால் கடைந்து, வடகம் தாளித்தால் கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பேன். தாளிப்பு எண்ணெயில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர அது வேண்டும். தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு பிழிந்தால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

முதல் தடவை சாப்பிடும் கீரையை மட்டும் தனியாக, கொஞ்சமாகச் சமைத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த முறை கலவையில் சேர்க்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.