தலையில ஒயர் மாட்டி 20 செஷன்

ஓசூர்ல பைக்ல விழுந்தப்ப ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தேன், பக்கிள் மாட்டல, அது கழண்டு அது பாட்டுக்கு உருண்டு போயிருச்சு. எங்க பக்கம் தலையில அடின்னா பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுவாங்க, 40 கிலோமீட்டர்தான. நெத்திப் பக்கம் ரத்தக்கட்டு, ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க, 9 நாள்ல வீட்டுக்கு வந்துட்டேன்.

பாக்கறவங்களுக்கு ஆள் நல்லாத்தான் இருந்தேன். ஆனா பட்டறையில வெர்னியர்ல, அதான் அளவு பாக்கற கருவி, ரீடிங் பாத்துட்டு பேனா எடுக்கறதுக்குள்ள நம்பர் மறந்துரும். ராத்திரி தூக்கம் கிடையாது, ரசத்துல உப்பு கம்மின்னு தட்டைத் தூக்கி அடிச்சேன், அன்னிலருந்து பையன் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடறதே இல்ல.

நம்ம மூளை அலையை நாமளே மாத்திப் பழகற பயிற்சி, நியூரோஃபீட்பேக்னு பேரு, அதுக்குப் போறேன்னு சொன்னதும் அம்மா அழுதுட்டாங்க, ஷாக் வைக்கப் போறாங்கன்னு. அதெல்லாம் இல்ல, கரண்ட் எதுவும் உள்ள போகாது, மூளையில இருந்து வர்ற சிக்னல படிக்க மட்டும்தான் அந்த ஒயரு, மூளைக்கு எடுக்கற ஈஈஜி டெஸ்ட் மாதிரியேதான். முதல்ல விசாரிச்ச ஒரு சென்டர்ல ஸ்கேனைக்கூட பாக்காம 40 செஷனுக்கு மொத்தமா பணம் கட்டுங்க கேரண்டின்னாங்க, அப்படியே திரும்பி வந்துட்டோம். அப்புறம் போன இடத்துல ரெண்டு நாள் ஞாபக சக்தி டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுதான் 20 செஷன்னு சொன்னாங்க.

தலைக்கு எண்ணெய் வைக்காம வரணும். பின்மண்டையில ரெண்டு இடத்துல நல்லா தேச்சு பேஸ்ட் வச்சு ஒயர ஒட்டுவாங்க, காதுல கிளிப். எதிர்ல ஸ்கிரீன். எனக்கு தீட்டா, அதாவது 4ல இருந்து 8 ஹெர்ட்ஸ் அலை, குறையணும், அதுக்கு மேல இருக்கற ஆல்ஃபா ஏறணும், சரியா வந்தா டிங்னு ஒரு சத்தம். அவ்ளோதான் வேலை, ஆனா எப்படி செய்யணும்னு யாராலயும் சொல்லித்தர முடியாது பாருங்க, அதுதான் கொடுமை. நான் முக்கி முக்கி பாத்தேன், ஒண்ணும் வரல. "அண்ணா, பல்லைக் கடிக்காதீங்க, தாடை அசைஞ்சா அதுதான் பதிவாகுது"ன்னு பயிற்சி குடுக்கற பொண்ணு தினமும் சொல்லும். 1960கள்ல அமெரிக்காவுல ஸ்டெர்மன்னு ஒருத்தர் பூனைங்களுக்கே இதைப் பழக்கினாராம், சரியா செஞ்சா பால் குடுப்பாராம். பூனைக்கு வந்துருச்சு, எனக்கு வரலயேன்னு கடுப்பு.

எட்டாவது செஷன்ல, அன்னிக்கு பஸ்ல நின்னுட்டே வந்த அலுப்பு, முயற்சியே பண்ணாம சும்மா உக்காந்திருந்தேன், டிங் டிங் டிங்னு வருது. ஆஹான்னு சந்தோசப்பட்டேன், உடனே நின்னுருச்சு. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா பிடிபட்டுச்சு. வீட்டுக்கு வந்து சீயக்கா போட்டாலும் அந்த பேஸ்ட் முழுசா போகாது, அது தனிக் கதை.

முதல்ல தூக்கம் வந்துச்சு. கோவம் குறைஞ்சத நான் கவனிக்கல, வீட்டுக்காரிதான் சொன்னா. இதுனாலதான் சரியாச்சான்னு டாக்டர்கிட்டயே கேட்டேன், அடிபட்ட முதல் சில மாசம் மூளை தானாவே தேறும், அதையும் இதையும் பிரிச்சு சொல்ல முடியாது, ஆராய்ச்சியும் இன்னும் அந்தளவு வரலன்னு வெளிப்படையா சொன்னார். அப்படி சொன்னதுலதான் அவர் மேல நம்பிக்கை வந்துச்சு.

பேரெல்லாம் இன்னும் மறக்குது. வெர்னியர் ரீடிங்க மெஷின் மேலயே சாக்பீஸால எழுதிட்டுத்தான் நோட்டை எடுக்கறேன். பையன் போன வாரம் பக்கத்துல வந்து உக்காந்தான், தட்டை மட்டும் அவன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டான்.