கருவிக்கு முன்னால் நடப்பது

ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சை அளக்கும் கூட்டாய்வில் ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாவிட்டால், முதலில் சந்தேகம் விழுவது, சாற்றிலிருந்து நஞ்சைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் மேல்தான். பெரும்பாலும் தவறு அதற்கு வெகு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

காரணம் கடலையிலேயே இருக்கிறது. பூஞ்சணம் மூட்டை முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஏதோ ஒன்றில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராமுக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். அது 10 கிலோ கடலையில் கலந்தால் சராசரி கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்போ, நான்கு வகை அஃப்ளாடாக்சினும் சேர்த்து 4 மைக்ரோகிராம்தான். 100 கிராம் மட்டும் அள்ளி வந்தால் அதில் இருப்பது சுமார் 200 பருப்பு. அந்தக் கெட்ட பருப்பு அதில் சிக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் பெரிய சரக்கில் 100 இடங்களிலிருந்து தலா 200 கிராம் வீதம் 20 கிலோ சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்ததை முழுவதும் அரைக்க வேண்டும். இங்கேதான் பலர் சலித்துப்போய் ஒரு பிடி மட்டும் அரைக்கிறார்கள். அதோடு 20 கிலோ சேர்த்த உழைப்பு அத்தனையும் வீண். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் என்பதால், உலர அரைத்தால் சூடேறிக் கட்டிக்கொள்ளும். கடலையை உறைய வைத்து அரைப்பது ஒரு வழி. அதைவிட நல்லது, ஒன்றரை மடங்கு தண்ணீர் சேர்த்துக் கூழாக அடிப்பது. புதுக் கருவிக்குப் பணம் கேட்பதற்கு முன், பெரிய கொள்ளளவுள்ள நல்ல அரைவை இயந்திரத்துக்குக் கேட்க வேண்டும்.

கூழாக அடித்துவிட்டால் பிரித்தெடுக்கும் கணக்கும் மாறும். வழக்கமாக 50 கிராம் உலர் பொடிக்கு 5 கிராம் உப்பு, மெத்தனாலும் தண்ணீரும் 80:20 கலந்த 300 மில்லி கரைப்பான். 50 கிராம் கடலைக்குச் சமமான கூழ் 125 கிராம். அதில் 75 மில்லி தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அதே 80:20 கரைப்பானை ஊற்றினால் மெத்தனால் 64 சதவீதமாக இறங்கிவிடும். 300 மில்லி தூய மெத்தனால் ஊற்றினால் மறுபடி 80:20 கிடைக்கும். ஆனால் மொத்தக் கரைப்பான் இப்போது 300 அல்ல, 375 மில்லி.

வடித்த சாற்றில் 10 மில்லியை 60 மில்லி பாஸ்பேட் கரைசலில் கலந்துதான், நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி நிரப்பிய குழாயில் விட வேண்டும். மெத்தனால் அடர்த்தி கூடினால் ஆன்டிபாடி நஞ்சைப் பிடிக்காது. வேகமாகத் தள்ளினாலும் அப்படித்தான். கடைசியில், பிடிபட்ட நஞ்சைக் கழற்றி எடுக்க மெத்தனாலை இரண்டு தவணையாக ஊற்றி, நடுவே ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இன்னொன்று: தண்ணீர் கலந்த கரைசலில் உள்ள அஃப்ளாடாக்சின், அமிலத்தில் கழுவாத புதுக் கண்ணாடிக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காலையில் வைத்த திட்டக் கரைசலை (நஞ்சின் அளவு தெரிந்த கரைசல்) மாலையில் மறுபடி கருவியில் செலுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மாதிரிகளை அனுப்பும் ஆய்வகம் குறைந்தது 10 பொட்டலங்களை இரட்டையாக ஆய்ந்து, எல்லாம் ஒரே சீர்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு முறையைப் பொதுமுறையாக ஏற்க எட்டு ஆய்வகங்களின் செல்லத்தக்க முடிவுகளாவது வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு கழன்றுகொள்ளும் என்பதால் பத்துப் பன்னிரண்டு பேரை அழைப்பதே நல்லது. இவ்வளவு சிறிய செறிவில் ஆய்வகங்களுக்கிடையே 22 சதவீத விலகலை இயல்பென்று வைத்து, அதன் இரு மடங்கு வரை ஏற்பது வழக்கம். ஏற்கப்பட்ட மதிப்பு 10 என்றால் 5.6 முதல் 14.4 வரை எல்லாமே திருப்தியான முடிவு.

அதற்கு வெளியே போன எண்ணை உடனே ஒதுக்கிவிடக் கூடாது. மீட்பு, அதாவது மாதிரியில் இருந்த நஞ்சில் அளவீட்டில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 80 சதவீதம் என்றால், திருத்தாமல் எழுதுகிறவர் 8 என்பார், திருத்தி எழுதுகிறவர் 10 என்பார். இருவர் வேலையும் சரியே. முடிவுப் படிவத்தில் திருத்தாத மதிப்பு, மீட்பு சதவீதம், எடுத்த எடை, மொத்தக் கரைப்பான் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். கூழ் அடித்த ஆய்வகம் கரைப்பான் கட்டத்தில் 300 என்று எழுதியிருந்தால், அதன் எண்கள் எல்லாம் 20 சதவீதம் குறைந்து வருவது ஏன் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.