நாள் கணக்கு வேண்டாம்

குடியிலிருந்து மீள்பவர்களுக்காக மதுரையில் நாங்கள் சிலர் ஒரு செயலி வடிவமைக்கிறோம். குடிக்காத நாட்களின் எண்ணிக்கைதான் முகப்பில் பெரிதாக இருக்கவேண்டும் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை; ஒருநாள் சறுக்கினால் அது பூஜ்ஜியமாகிவிடும், அதைப் பார்த்த மனுஷன் ‘எல்லாம் போச்சு’ என்று மறுபடி கடைக்குத்தான் போவார். டாஸ்மாக் திறப்பதே மதியம் 12 மணிக்கு, அதனால் 11.30-க்கே ஒரு விசாரிப்பு வரட்டும். குடிக்கக் கிளம்புகிற ஆசை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அதுவரை பேச அக்காவோ நண்பரோ வேண்டும், யாருமில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416. அப்புறம், அறிவிப்பில் ‘குடி’ என்ற சொல்லே வரக்கூடாது, மாட்டுத்தாவணி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்ப்பார். நெடுநாள் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; வலிப்போ மனக்குழப்பமோ என்று பதிந்தால் அறிவுரையெல்லாம் வேண்டாம், நேராக 108. சித்திரைத் திருவிழா வாரத்துக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் சண்டை.