அப்பாவின் அம்பாசிடரும் நாற்பதாம் நம்பர் ஆயிலும்

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. அறப்பளீஸ்வரரைக் கும்பிடக் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்பா 1986இல் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், ஐம்பதாவது வளைவு வரை முனகாமல் ஏறியது. எதிரே பஸ் வர, ஓரங்கட்டி நின்றேன். அப்போதுதான் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிவதைப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. வயிற்றைக் கலக்கியது. எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியான அளவில்தான் இருந்தது.

போன மாதம்தான் ஆயில் மாற்றினேன். கடையில் 5டபிள்யூ-30 சிந்தெடிக் கொடுத்தார்கள். விலை அதிகம், ஆகவே நல்லது என்று நானும் நம்பி ஊற்றிவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இரண்டு நாளாக அந்த எண்களையே படித்துக்கொண்டிருக்கிறேன். பாகுத்தன்மை என்ற சொல்லே போதும், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். அடுப்பில் கொதிக்கும்போது தண்ணீராய் ஓடும் பாகு, ஆறினால் கரண்டியை விடாது. ஆயிலும் அப்படியே. டபிள்யூ என்றால் வின்டர், அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில். திருச்சியில் மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த 5க்கு நான் கொடுத்த காசு இந்த ஊரில் எதற்கும் உதவாது.

என் எஞ்சினுக்கு முக்கியம் பின்னால் வரும் எண். பாகுத்தன்மையைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; 100 டிகிரி சூட்டில் 30 நம்பர் ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 40 நம்பர் 12.5 முதல் 16.3 வரை, 50 நம்பர் 16.3 முதல் 21.9 வரை. என் வண்டியில் இருப்பது 1489 சிசி எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி வடிவமைப்பு. முப்பத்தெட்டு வருடத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். மெல்லிய ஆயில் அந்த இடைவெளி வழியே வழிந்துவிட, அழுத்தம் நிற்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். புதிய பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்தைக் குறைத்திருக்கிறார்கள், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருப்பதற்காக. என் வண்டியில் கன்வெர்ட்டரே கிடையாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டின் மேல் உரசிக்கொண்டே ஓடும் டாப்பெட்டுகள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த மருந்து வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். நானே 20டபிள்யூ-50 டின் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் திறக்கவிடவில்லை.

"ஊற்றுவது இருக்கட்டும் தம்பி. முதலில் ஆயில் அழுத்தம் எவ்வளவு பவுண்டு காட்டுகிறது என்று பார்ப்போம்."

டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தார். பெட்ரோல் கலந்தாலும் ஆயில் நீர்த்துப்போகுமாம், வாடை இல்லை. ஆயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் பித்தளை முனை வைத்த அழுத்தமானி, அதாவது கேஜ் ஒன்றைத் திருகினார். இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கினோம். நின்ற நிலையில் முள் 6 பவுண்டில் நடுங்கியது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தபோது 32. எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் பத்துப் பவுண்டாவது வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஏப்ரல் 28, ஞாயிறு

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, சாதாரண மினரல் 20டபிள்யூ-40 ஊற்றினோம். சூடானபின் நின்ற நிலையில் 14 பவுண்டு, வேகத்தில் 45. ஒரே எஞ்சின், ஒரே பம்ப்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு வரி, நீல மையில். முதல் சில வருடங்கள் "40 நம்பர்" என்றும், 1992 முதல் "20-40" என்றும் எழுதியிருக்கிறார். கடையில் பேசியதைக் கேட்பதற்கு முன்னால் இதைப் புரட்டியிருக்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

நேற்றுக் கத்திரி தொடங்கிவிட்டது. மைத்துனர் வந்தார். பழைய வண்டி, இந்த வெயில், 50 நம்பர்தான் சரி என்று ஒரு மணி நேரம் வாதாடினார். பலரும் இதைச் சொல்கிறார்கள், நல்லெண்ணத்தில்தான். ஆனால் கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்பதை அது சொல்லாது. தேவைக்கு மீறிக் கெட்டியானால் முள் ஏறும், ஆயில் ஓட்டம் குறையும். அழுத்தம் எல்லை தாண்டினால் வால்வு திறந்து ஆயிலைத் திரும்ப எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டிக்கே அனுப்பிவிடும். பேரிங்கின் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அந்த ஓட்டம்தான்.

கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் அமுக்கி வண்டியை விற்பவர்கள் உண்டு. என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கி, மூன்றே மாதத்தில் எஞ்சினைப் பிரித்தார். கெட்டி ஆயில் தேய்ந்த இரும்பை வளர்த்துத் தராது.

40 நம்பரிலும் சூட்டில் பத்துப் பவுண்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் 50க்குப் போகலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். அந்த டின் அலமாரியில் காத்திருக்கட்டும்.

மே 11, சனி

மறுபடி கொல்லிமலை. இந்த முறை பாயின் கேஜ் வண்டியிலேயே இருந்தது. அதே ஐம்பதாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். 11 பவுண்டு. இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன், முள் அசையவில்லை.

பின்பக்கக் கசிவு மட்டும் இருக்கிறது, முன்பைவிடக் குறைவாக. இந்த எஞ்சினில் சுழலும் முக்கியத் தண்டான கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. இரவு வண்டிக்கடியில் அட்டை விரித்தேன். காலையில் நாலணா அளவில் ஒரே ஒரு கறை. நோட்டில் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே தேதியும் கிலோமீட்டரும் குறித்து, "20-40, சூட்டில் 11" என்று எழுதினேன்.